ரிமார்க்ஸ் கட்டத்தில் எழுதியது

1

போன வாரம் என் பழைய கம்பெனியிலிருந்து போன் வந்தது. பிரகாஷ் ராவ் என்று ஒருவர், நான் வேலையை விட்ட பிறகு அங்கே சேர்ந்தவர். ஹைதராபாத் முழுக்கக் கம்பியில்லா இணையம் கொடுக்கும் திட்டம் மறுபடி உயிர் பெறுகிறதாம். ஆறு வருடங்களுக்கு முன் அதன் முதல் வரைவைப் போட்டவன் நான். அதனால் ஆலோசகராக வந்து உட்கார முடியுமா என்று கேட்டார். வாரத்தில் இரண்டு நாள் போதும், வீட்டுக்கே கார் அனுப்புகிறோம் என்றார்.

முடியாது என்று சொல்லி வைத்துவிட்டேன். கொஞ்சம் மரியாதையாகச் சொல்லியிருக்கலாம்.

என் மனைவி கமலா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "என்னத்துக்கு இப்படி வெடுக்குனு பேசுதீங்க? வீட்டுல சும்மா இருந்து என்னையத்தான் குறை சொல்லிக்கிட்டு இருக்கீங்க. போய்ட்டு வந்தா என்ன?" என்றாள். கோவில்பட்டித் தமிழ் எங்கள் வீட்டில் அவளிடம் மட்டும்தான் கெடாமல் இருக்கிறது.

"உடம்புக்கு முடியலை" என்றேன்.

காலையில் குஷாய்குடாவிலிருந்து ஈ.சி.ஐ.எல். சந்திப்பு வரை நடந்து போய்ப் பேப்பர் வாங்கி வருகிறவனுக்கு உடம்பில் என்ன கேடு? அவள் நம்பவில்லை. கீரைத்தண்டை ஒடித்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள். அவளிடம் சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்களிடம் சொல்வது எளிது, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

அமெரிக்காவுக்கும் துபாய்க்கும் போனவன் எழுதினால்தான் அது அனுபவம், பக்கத்து மாநிலத்துக்குப் போனவனுக்கு எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். என்னிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை, வித்தியாசம் அவ்வளவுதான். முப்பது வருடத்துக்கு மேல் இங்கே இருக்கிறேன். இன்னமும் நான் தெலுங்கு பேசினால் விண்ணப்பப் படிவத்தை வாசிப்பது போல இருக்கிறது என்று என் மகள் நித்யா சிரிப்பாள். அவள் இங்கேயே பிறந்து படித்தவள். நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள், கோபம் வந்தால் இங்கிலீஷ். இப்போது கொண்டாப்பூர் பக்கம் பதினோராவது மாடியில் குடியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். பேரன் போனில் "தாத்தா, ஹவ் ஆர் யூ" என்பான். நான் நல்லா இருக்கேன் என்பேன். அதற்கு மேல் எங்கள் இருவருக்கும் சொல் கிடைப்பதில்லை.

2

நான் இந்த ஊருக்கு வந்தது ஒரு மத்திய அரசு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து. பரிசோதனைப் பிரிவு. அங்கே படித்த பாடம் ஒன்றுதான்: படிவத்தில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. எழுத ஒன்றுமில்லை என்றால் 'இல்லை' என்றாவது எழுத வேண்டும். ஒரு கட்டம் காலியாகப் போனால் அந்த லாட், அதாவது அந்தத் தொகுதிச் சரக்கு முழுவதும் திரும்பி வரும், கூடவே ஒரு மெமோவும் வரும். எங்கள் ஆட்கள் வீட்டில் ரேஷன் கார்டு விண்ணப்பம் எழுதினாலும் கடைசிக் கட்டம் வரை நிரப்பிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் ஜாதகத்தின் பின்பக்கம் வெற்றாக இருக்கிறதே என்று கேட்டவரை எனக்குத் தெரியும்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நான் வெளியே வந்தபோது மாதாப்பூர் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்தன. ஐம்பதைத் தொட்டவனுக்கு அங்கே யார் வேலை கொடுப்பார்கள்? பேகம்பேட்டில் ஒரு சின்ன ஆலோசனைக் கம்பெனி கொடுத்தது. உள்ளாட்சி அலுவலகம் ஒன்றுக்காக, பெயர் வேண்டாம், நகரம் முழுக்கக் கம்பியில்லா இணையம் போடும் திட்டத்தை அவர்கள் எடுத்திருந்தார்கள். அதன் கள ஆய்வு என் பொறுப்பு.

திட்டம் கேட்க அழகாகத்தான் இருந்தது. தெருவிளக்குக் கம்பங்களிலும் உயரமான மொட்டை மாடிகளிலும் சிறு ரேடியோப் பெட்டிகள். ஒன்று அடுத்ததற்குச் செய்தியைத் தள்ளிவிடும். வரி வசூலிப்பவர் வீட்டு வாசலிலேயே ரசீது அடிப்பார். துப்புரவு மேற்பார்வையாளர் வந்தாரா என்று அலுவலகத்தில் தெரியும். தண்ணீர் லாரி எந்தத் தெருவில் நிற்கிறது என்று தெரியும். ஜனங்களுக்கு வார்டு அலுவலகத்தைச் சுற்றி அரை மணி நேரம் இலவசம், அதற்கு மேல் கார்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

கூட்டங்கள் நடந்தன. கம்பம் மின்சாரக்காரர்களுடையது. கம்பத்தில் தொங்கும் விளக்கு உள்ளாட்சிக்காரர்களுடையது. கம்பம் நிற்கும் தரை யாருடையது என்பதில் இரண்டு மாதம் போனது. கம்பியே இல்லாத திட்டத்துக்குக் குழி தோண்டும் அனுமதி எதற்கு என்று ஒருவர் கேட்டார். அந்தக் கோப்பு இல்லாமல் மற்ற கோப்பு நகராது என்று இன்னொருவர் சொன்னார். கம்பம் கிடைக்காது என்று தெரிந்ததும் மொட்டை மாடிகளை நம்ப வேண்டியதாயிற்று. அப்படித்தான் நான் மாடி மாடியாக ஏற ஆரம்பித்தேன்.

ஜீடிமெட்லாவில் மருந்துத் தொழிற்சாலை நாற்றத்தில் கண் எரிய நின்று ஆண்டெனா உயரம் அளந்திருக்கிறேன். மாரெட்பள்ளியில் பள்ளிக்கூடம் ஒன்றின் மாடியில் ஏணி வழுக்கி முழங்கால் பெயர்ந்திருக்கிறது. ஆய்வு நடந்தது வேம்பு இலையுதிர்க்கும் மாதத்தில். இப்போது தெளிவாகத் தெரியும் இரண்டு மாடிகளுக்கு நடுவே மரம் தழைத்ததும் சிக்னல் பாதியாகிவிடும் என்று ஒவ்வொரு மரத்தையும் குறித்து வைத்தேன். இந்த வேலையில் என்னைப் போல யார் செய்வார்கள் என்ற திமிர் எனக்கு இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒவ்வொரு கட்டடத்துக்கும் பதின்மூன்று கட்டங்கள் கொண்ட படிவம். வீட்டு எண், சொந்தக்காரர், எத்தனை மாடி, உயரம், தண்ணீர்த் தொட்டி, மின்சாரம், எதிரே என்ன மறைக்கிறது, சம்மதமா இல்லையா. பதின்மூன்றாவது கட்டம் ரிமார்க்ஸ்.

3

மாரெட்பள்ளிக்குப் பின்னால், ரயில்வே ஒர்க்ஷாப் பக்கம் ஒரு சந்து. அதில் உயரமான இரண்டு வீடுகள் ஒட்டிக்கொண்டு நின்றன. முதல் வீட்டின் கீழே யாதகிரி என்பவரின் மளிகைக் கடை. அவரிடம் என் படிவத் தெலுங்கில் கேட்டேன். மேல் மாடிக்கு அனுமதி உண்டா, கட்டடம் ரேடியோப் பெட்டியைத் தாங்குமா, பின்னால் இடிபட வாய்ப்பு உண்டா. அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "அன்னீ உன்னாயி சார்" என்றார். எல்லாம் இருக்கிறதாம். வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்தார். நான் ரிமார்க்ஸில் 'இல்லை' என்று எழுதினேன்.

இரண்டாவது வீட்டு வாசலில் தமிழ்க் காலண்டர் தொங்கியது.

"நம்மாளா? அட, உள்ள வாங்க சார்!" என்றார் ஏகாம்பரம். ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "நம்மளுக்கு ஜோலார்பேட்டை. அப்பா காலத்துலயே இங்க வந்தாச்சு. நீங்க எந்தப் பக்கம்?"

கோவில்பட்டி என்றேன். கோவில்பட்டியை அவர் பார்த்ததில்லை. ஆனாலும் சொந்தக்காரனைப் பார்த்தது போல முகம் மலர்ந்தது. அவர் மனைவி சரோஜாம்மா காபி கொண்டுவந்தார். அன்றைக்கு நான் ஏறிய பதினாறு மாடிகளில் தண்ணீர் கேட்காமல் கிடைத்த இடம் அது ஒன்றுதான்.

முதல் மாடி வாடகைக்கு விட்டிருந்தது, கீழே மகன் குடும்பமும் அவர்களோடு இருந்தது. இரண்டாவது மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை. அவர் மகள் வசந்தா தன் சின்னப் பெண்ணுடன் அங்கே இருந்தாள். காஜிபேட்டில் கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை. அவள் முழங்கையில் நீளமாக ஒரு தழும்பு இருந்தது. நான் பார்த்ததைப் பார்த்து முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலைக்கு அப்போது இங்கே தெருவுக்குத் தெரு பயிற்சி கொடுத்தார்கள். அவள் அதை முடித்திருந்தாள். வீட்டில் நல்ல இணைய இணைப்பு இருந்தால் வேலை தருவதாக ஒரு கம்பெனி சொல்லியிருந்தது. டெலிபோன் கம்பி அந்தச் சந்துக்கு வர இன்னும் எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"பெட்டிய நம்ம மாடில வெச்சா நம்மளுக்கு ஃப்ரீயா கனெக்ஷன் குடுப்பாங்களா சார்?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

கொடுப்பார்கள், திட்டத்தில் அப்படி இருக்கிறது என்றேன்.

"அப்ப இன்னா வேணா பண்ணிக்கோங்க. இது ரூமில்ல சார், எம் பொண்ணோட உசிரு. இது இருந்தாத்தான் அவ அங்க திரும்பிப் போவாம இருப்பா."

அனுமதியைப் பற்றிக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. படிவத்தில் அந்தக் கேள்விகூட இல்லை.

"பிளானாவது ஒண்ணாவது! கீழயும் ஃபஸ்ட் ஃப்ளோரும் சேங்க்ஷன் வாங்கிக் கட்டினது. இந்த ரூமு நாமளே எழுப்பினது. இதுக்குப் போயி பர்மிஷன் யாரு குடுப்பா?"

"வேற யார்கிட்டயும் இதைச் சொல்லாதீங்க" என்றேன் சிரித்துக்கொண்டே.

"கைக்கு சார், எதுக்கு மறைக்கணும்? உங்ககிட்டத்தானே சொல்றேன். இந்த யாதகிரி வீட்டு மாடியும் அப்டித்தான். நம்ம ரெண்டு பேரும் ஒரே வருசத்துல எழுப்பினது. அவன் செங்கல்லு, நம்ம ஷீட்டு."

இரண்டு வீட்டுக் கைப்பிடிச் சுவர்களுக்கு நடுவே ஒரு பலகை போட்டிருந்தது. இருபத்திரண்டு வருடப் பழக்கம் என்றார். சாயங்காலம் யாதகிரி அந்தப் பலகை வழியாக வருவாராம், இருவரும் இரானி ஓட்டல் டீயை ஃபிளாஸ்க்கில் வாங்கி வைத்துக்கொண்டு பேசுவார்களாம். ஒருவர் வீட்டுச் சாவி இன்னொருவரிடம் இருந்தது.

கீழே இறங்கி வந்து, வாசலிலேயே ஸ்கூட்டர் மேல் வைத்துப் படிவத்தை முடித்தேன். பதின்மூன்றாவது கட்டத்தில் எழுதினேன்: இரண்டாவது மாடி அறை அனுமதியின்றிக் கட்டப்பட்டது, சொந்தக்காரரே தெரிவித்தார், பெட்டி வைத்த பின் இடிபடும் அபாயம் கருத்தில் கொள்ளத்தக்கது. நல்ல இங்கிலீஷில், கூட்டெழுத்து இல்லாமல், கீழே தேதியும் கையெழுத்தும் போட்டு.

யாதகிரியின் மாடியைப் பற்றி ஏகாம்பரம் சொன்னதை எழுதவில்லை. அடுத்தவர் சொன்னதை எழுதுவது முறையல்ல. முறை அறிந்தவன் நான்.

4

நித்யா அப்போது கல்லூரியில் கடைசி வருடம். லீவில் இருந்தாள். படிவங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றித் தர அவளை உட்கார வைத்தேன். ஏகாம்பரம் வீட்டுத் தாள் வந்தபோது நிறுத்தினாள்.

"நான்னா, இதி கூடா டைப் செய்யாலா?"

இதையுமா அடிக்க வேண்டும் என்று கேட்டாள். "எல்லாக் கட்டமும்தான். காலியா விடாதே" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் அடித்தாள். ஏன் நிறுத்தினாய் என்று நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. அவளிடம் காரணம் கேட்கும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை.

கோவில்பட்டியில் எங்கள் வீட்டு மாடியிலும் ஓர் அறை உண்டு. அதற்கும் அனுமதி கிடையாது, தெருவில் யார் வீட்டுக்கும் கிடையாது. நான் எட்டாவது படிக்கும்போது வீட்டு வரி போடுகிறவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். வெயிலில் வேர்த்து விறுவிறுத்து நின்றவர் மாடியை அண்ணாந்து பார்த்தார். என் அப்பாவைப் பார்த்தார். "மேல துணி காயப் போடுற இடந்தானே?" என்று அவரே கேட்டு, அவரே தலையாட்டி, கீழ் வீட்டை மட்டும் எழுதிக்கொண்டு போய்விட்டார். அப்பா அவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, அவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அறையில்தான் நான் படித்து என்ஜினீயரானேன். அந்த மனிதரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் ரிமார்க்ஸ் எழுதியிருப்பேன்.

5

திட்ட அறிக்கை கொடுத்தோம். மூன்று பெரிய தொகுதிகள், கடைசியில் இணைப்பாக என் படிவங்கள் அத்தனையும். அலுவலகத்தில் மேலதிகாரி மாறினார். புதியவருக்கு வேறு திட்டத்தில் ஆசை. எங்கள் கோப்பு அலமாரிக்குப் போனது. ஒரு கம்பத்திலும் ஒரு பெட்டியும் ஏறவில்லை.

ஆனால் இணைப்பு மட்டும் அலமாரிக்குப் போகவில்லை. வீட்டு எண், மாடி எண்ணிக்கை, உயரம் எல்லாம் அளந்து எழுதிய பட்டியல் கையில் கிடைத்தால் கட்டட அனுமதிப் பிரிவு விடுமா? மழை ஆரம்பித்த சமயத்தில் ஏகாம்பரத்திடமிருந்து போன்.

"சார், நோட்டீஸ் ஒட்டிட்டுப் போய்ட்டாங்க. மாடி ரூம இடிக்கணுமாம். இந்தச் சந்துல நம்மளுக்கு மட்டும்தான் வந்திருக்கு. உங்களுக்கு ஆபீஸ்ல எல்லாரும் தெரியுமே, ஒரு வார்த்தை கேளுங்க சார்."

அடுத்த நாளே போனேன். அனுமதிப் பிரிவில் ஒரு கிளார்க். நல்ல மனிதர், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். ஏகாம்பரத்தின் கோப்பை எடுத்துத் திறந்தார். முதல் தாளே என் படிவத்தின் நகல். பதின்மூன்றாவது கட்டத்தைச் சிவப்பு மையால் சுற்றியிருந்தார்கள்.

அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கடைசியில் இது தவறுதலாக எழுதப்பட்டது, அடித்துவிட முடியுமா என்று கேட்டேன்.

"மீரே ராசாரு கதா சார்" என்றார் அவர். நீங்கள்தானே எழுதினீர்கள். குத்தலாகச் சொல்லவில்லை, ஆச்சரியத்தோடுதான் சொன்னார்.

அப்புறம் குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். சொந்தக்காரர் அப்படி எதுவும் சொல்லவில்லை, நானாகத் தவறாக எழுதிவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்தால் அதைக் கோப்பில் வைத்து மேலே அனுப்புவாராம். மறு விசாரணை, மறு ஆய்வு என்று வருடக்கணக்கில் இழுக்கும். நிச்சயம் நிற்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இப்போதைக்கு நிற்கும் என்றார்.

கடிதத்தை அன்றைக்கே எழுதினேன். எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கொடுக்கவில்லை. ஒரு படிவம் பொய் என்றால் அறிக்கை முழுக்கப் பொய் என்பார்கள், கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பும், நித்யாவுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை. இதையெல்லாம் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், இவற்றைவிட இன்னொன்றுதான் தடுத்தது. முப்பது வருடத்தில் நான் பார்த்த எந்தத் தாளிலும் தப்பு என்று என் கையால் எழுதிக் கொடுத்ததில்லை. அந்த ஒரு வரியைக் கொண்டுபோய் நீட்ட என்னால் முடியவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று நான்கு நாள் ஓட்டினேன். ஏகாம்பரத்திடம், "பேசியிருக்கேன், பார்ப்போம்" என்றேன்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு ஆட்கள் வந்து கூரையைப் பிரித்துவிட்டார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லையாம். கடிதம் அப்போதும் என் பையில்தான் இருந்தது.

6

இரண்டு நாள் கழித்துத்தான் போக எனக்குத் தைரியம் வந்தது. ஏகாம்பரம் கூடத்தில் லுங்கியும் பனியனுமாக உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யவில்லை. மாடியிலிருந்து இறக்கிய பீரோவும் கம்ப்யூட்டர் மேஜையும் கூடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. வசந்தா பெண்ணைக் கூட்டிக்கொண்டு காஜிபேட்டுக்குப் போய்விட்டாள். ஒரே ஹாலில் அண்ணன் அண்ணி பிள்ளைகளோடு அவளால் இருக்க முடியவில்லை. அண்ணி ஏதோ சொல்லியிருக்கிறாள். புருஷனே வந்து அழைத்துப் போனானாம்.

"யாதகிரி ஒண்ணு சொல்றான் சார்" என்றார் ஏகாம்பரம் என்னைப் பார்க்காமல். "உங்க தமிழ் சார்தான் எழுதிக் குடுத்திருக்காரு, வேற யாருக்கும் தெரியாதுன்றான். அவன்கிட்ட நல்லாக் கேட்டேன். நம்மாளு அப்டிச் செய்வாராடான்னு. சண்டையாயிடிச்சி." நிமிர்ந்தார். "நீங்களே சொல்லுங்க சார். நீங்க எழுதினீங்களா?"

சரோஜாம்மா சமையலறை வாசலில் காபி டம்ளரோடு நின்றார்.

"நான் எழுதலை" என்றேன்.

நன்றாகவே சொன்னேன். தெலுங்கில் கேட்டிருந்தால் தடுமாறியிருப்பேன்.

ஏகாம்பரம் நீளமாக மூச்சு விட்டார். "தெரியும் சார். எனக்குத் தெரியும். அப்ப அவன்தான். தன் மாடி தப்பிக்கணும்னு நம்மளக் காட்டிக் குடுத்துட்டு, பழிய உங்க மேல போடறான். இருவத்திரெண்டு வருசம் சார். கூடவே டீ குடிச்சான்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவரில்லை என்று மட்டுமாவது சொல்லியிருக்கலாம். காபியைக் குடித்தேன்.

வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது சரோஜாம்மா வாசல் வரை வந்தார். தெருவைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "வசந்தாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும் சார். நோட்டீஸோட ஒரு ஜெராக்ஸ் வெச்சிருந்தாங்க. உங்க கையெழுத்து இருந்துச்சாம். அவருகிட்ட நாங்க சொல்லல."

நான் சாவியை வண்டியிலிருந்து எடுத்தேன்.

"நீங்க இல்லன்னு சொன்னதே நல்லது. ரெண்டு நாளா ஒண்ணும் துன்னல. இன்னிக்கித் துன்னுவாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அண்ணாந்து பார்த்தேன். இரண்டு சுவர்களுக்கு நடுவே இருந்த பலகையைக் காணவில்லை.

7

ஏகாம்பரம் அதற்கப்புறம் இரண்டு வருடம் இருந்தார். பண்டிகைக்கு எனக்குப் போன் செய்வார். நான் ஒருதரம்கூட முந்திக்கொண்டு செய்ததில்லை. வசந்தா எப்படி இருக்கிறாள் என்று கேட்டால், "இருக்கா சார்" என்பார். யாதகிரியைப் பற்றி நான் கேட்டதில்லை.

அவர் இறந்த அன்று பந்த். பஸ்ஸும் ரயிலும் ஓடவில்லை, வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்து சேர முடியவில்லை. மகன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் போக, தோள் கொடுக்க ஆள் போதவில்லை. ஒர்க்ஷாப் ஆட்கள் மூன்று பேர், நான்காவதாக என்னைக் கூப்பிட்டார்கள். "நம்மாளு நீங்க பிடிங்க சார்" என்றார் ஒருவர். பிடித்தேன். பாடை சந்து முனையில் திரும்பும்போது யாதகிரி, அடைத்த கடைக்கு எதிரே சுவரோரம் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார். நான் செத்தாலும் அவன் என் வாசலை மிதிக்கக் கூடாது என்று ஏகாம்பரம் சொல்லி வைத்திருந்தாராம். நாங்கள் வெகுதூரம் போன பிறகு திரும்பிப் பார்த்தேன். இருபதடி தள்ளி, தனியாக வந்துகொண்டிருந்தார். மயானம் வரை வந்தார். யாரும் அவரிடம் பேசவில்லை.

இதுதான் நான் பிரகாஷ் ராவிடம் முடியாது என்று சொன்ன காரணம். போனை வைத்த பிறகு எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கமலாவிடம் மருந்து வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் உட்கார்ந்து தெலுங்கில் வாக்கியம் சேர்த்துக்கொண்டு போனேன். நான்தான் எழுதினேன். நீங்கள் சொன்னது உண்மை. நான் பொய் சொன்னேன். மூன்றே வாக்கியம்.

யாதகிரி தலை நன்றாக நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. கடையில் வேறு யாரும் இல்லை. மூன்று வாக்கியத்தையும் சொன்னேன். ஒருமை பன்மை எல்லாம் தப்பாக வந்தது, ஆனால் சொல்லி முடித்தேன்.

அவர் கோபப்படவில்லை. தராசுத் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"நாக்கெந்துக்கு செப்துன்னரு சார்? நாக்கு தெல்சு. ஆனிக்கி செப்பாலெ."

என்னிடம் ஏன் சொல்கிறீர்கள், எனக்குத்தான் தெரியுமே, அவனிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்கிறார். ஓர் அம்மாள் வந்து கால் கிலோ துவரம்பருப்பு கேட்டார். யாதகிரி எடை போடத் திரும்பிக்கொண்டார்.